ஊதுபத்தி காட்டிய ஓட்டை

பெரிய வீட்டுக் கார் மக்கர் பண்ணினால் யார் தலை உருளும்? கார் கழுவுகிறவன் தலைதான்.

மில் முதலாளி கோதண்டராமனின் அறுபது வருஷப் பழைய கார் அன்று காலை கண்காட்சிக்குக் கிளம்ப வேண்டும். எஞ்சினில் டக் டக்கென்று ஒரு சத்தம்.

"கழுவுறப்ப எஞ்சினுக்குள்ள தண்ணியை விட்டுட்டானுங்க," என்றார் மெக்கானிக் தேவசகாயம்.

கார் கழுவும் மாசிலாமணியிடம் ஷெட் சாவிக்காகக் கையை நீட்டினார் முதலாளி.

"தண்ணி இல்லீங்க, புகை கசியுது," என்றான் மாசிலாமணி.

"எஞ்சின்ல விரல் படாம நிரூபி. இல்லேன்னா இப்பவே நடையைக் கட்டு."

"சரிங்க. வண்டி வெளியூர் போற நாளு, சாமி மட்டும் கும்பிட்டுக்கறேன். சூடானா இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்கிருமுங்க. டிரைவரை இப்பவே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

டிரைவர் ஸ்டார்ட் பண்ணினார். பானட் திறந்திருந்தது. மாசிலாமணி ஊதுபத்தியைக் கொளுத்தி எஞ்சினுக்கு மேலே மெல்லக் காட்டிக்கொண்டே வந்தான். ஃபேன் காற்றில் புகை ஒரே சீராகப் பின்னால் சாய்ந்தது. சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும், ஒவ்வொரு டக்குக்கும் யாரோ வாயால் ஊதியதுபோல் சிதறியது.



"அங்க போன வாரந்தானுங்க, கசிவை அடைக்கற கேஸ்கெட்டுக்கு உங்ககிட்ட காசு வாங்கிப் புதுசாப் போட்டேன்," என்றார் தேவசகாயம்.

"வண்டியை ஆஃப் பண்ணிட்டுக் கழட்டு," என்றார் முதலாளி.

நட்டுகளைக் கழற்றியதும் கருகிய கேஸ்கெட் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

மாசிலாமணி குனிந்து பார்த்தான். "பாவமுங்க, ஒரே வாரத்துல இருபது வருஷம் உழைச்சிருக்கு."

சாவிக்கு நீட்டியிருந்த கையை, கேஸ்கெட் காசுக்காகத் தேவசகாயத்தின் பக்கம் திருப்பினார் முதலாளி.