வெளியே வராத முத்திரை

வெகுகாலத்துக்கு முன்பு கருவேலி நாட்டை மணவாள வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். எதைச் செய்யாதே என்கிறார்களோ அதைத்தான் முதலில் செய்வான்.

அவனுடைய முத்திரை கோபுரத்து உச்சியறையில் இருந்தது. முத்திரை வெளியே வரக்கூடாது. அதைக் காக்கும் அமைச்சர் நாச்சியம்மையும் வரக்கூடாது. ஒரு சின்னச் சன்னல் வழியே ஓலை உள்ளே போகும். அவள் உரக்கப் படிப்பாள். வெளியே நிற்கும் ராஜா கேட்டு "ஆம்" என்றால், முத்திரை குத்தி ஓலையை மட்டும் நீட்டுவாள். ராஜா இறங்கிவிடுவான். அந்த ஒரு சொல்தான் அவள் காதில் விழும் மனிதக் குரல்.

ராஜாவுக்கு முழங்கால் வலி வந்தது.

"தாங்கள் ஏன் ஏறவேண்டும், பிரபு? தங்கள் 'ஆம்' என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்" என்றார் அரண்மனை அதிகாரி சொக்கப்ப ராயர். முத்திரை நாச்சியம்மையிடம் இருப்பது அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

ராஜா சரி என்றான். ராயர் மேலே கொண்டுவந்த ஓலையில் பெரிய ஏரி இனி அவருடைய மைத்துனனுக்குச் சொந்தம் என்றிருந்தது. ஏரி போனால் நாலு ஊர் வயல் காயும்.

"ராஜா ஆம் என்றாரா?" என்று கேட்டாள் நாச்சியம்மை.

"வாய் நிறையச் சொன்னார். குத்தம்மா."

அவள் யோசித்தாள். எதைச் சொல்லி அனுப்பினாலும் இந்த வாய் வழியாகத்தான் போகவேண்டும். நல்லதைத் திரித்துவிடும். வசவை மட்டும் சிந்தாமல் கொண்டுபோகும்.

"ராஜா இங்கே ஏறி வரக்கூடாது. அந்தக் கால் தாங்காது என்று சொல்லுங்கள்."

"அப்படியேவா?"

"ஓர் எழுத்துக் குறையாமல்."

இன்றோடு தொலைந்தாள் என்று ராயர் துள்ளி இறங்கினார். சற்று நேரத்தில் படியில் மூச்சிரைப்பு கேட்டது.

"யார் கால் தாங்காது, நாச்சி?"

"முதலில் இதைக் கேளுங்கள், மன்னா." படித்தாள்.

"ஏரியைத் தூர்வாரத்தானே சொன்னேன்."

பின்னால் வந்த ராயர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"தூர்வாரட்டும். முதல் கூடையை ராயர் தலையில் வையுங்கள்" என்றான் ராஜா. காவலர் அவரை இறக்கிக்கொண்டு போனார்கள்.

"என்ன வேண்டும், நாச்சி? இனி எல்லா ஓலைக்கும் நானே வருவேன். அது விதி, பரிசில்லை. வேறு கேள்."

கதவைத் திறக்கச் சொல்லலாம். திறந்தால் முத்திரைக்குக் காவலில்லை. அவளுக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும்.

"உடனே இறங்கிவிடாதீர்கள்" என்றாள்.

 ராஜா முழங்காலைப் பிடித்தபடி மேல்படியில் உட்கார்ந்தான்.

"என்ன பேச?"

"கீழே இப்போது என்ன பூத்திருக்கிறது?"

அதை அவன் கவனித்திருக்கவில்லை. நாளை பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னான்.