அண்ணாச்சி துண்டில் பிடித்த கரி

தென்காசியில் பட்டறை வைத்திருந்த வேலாண்டி அண்ணாச்சி எந்த வண்டிக்கு அடியிலும் குனிந்ததில்லை. குனிந்தால் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு கசங்கிவிடும். டீச்சரம்மாவின் கிழட்டு டீசல் அம்பாசிடர் தடதடவென்று வந்து நின்றது. அண்ணாச்சி சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சைலன்சர் குழாய் முழுக்க ஓட்டை. மொத்தமா புதுசு மாத்தணும்."

"அவ்வளவு செலவுன்னா வண்டியை இரும்புக்கே போட்டுருதேன்," என்றார் டீச்சரம்மா.

வண்டி போனால் டிரைவர் சொரிமுத்துவின் வேலையும் போச்சு. அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, உங்க துண்டைக் குடுங்க. நனைச்சுக் குழாய் முழுக்கச் சுத்துதேன். ஓட்டை இருக்கிற இடமெல்லாம் கரி பிடிக்கும்லா?"

"துண்டே கறுத்துப் போகும், பாருலே!" வீம்பாகக் கொடுத்தார் அண்ணாச்சி.

குழாய் ஆறியதும் சொரிமுத்து துண்டைச் சுற்றினான். வண்டியை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அவிழ்த்தான். துண்டு வெள்ளையாகவே இருந்தது. குழாயின் ஒரு மூட்டு பட்ட இடத்தில் மட்டும் எட்டணா அளவு கரி.

சொரிமுத்து அதை விரித்துப் பிடித்தான்.

"அண்ணாச்சி, இப்ப துண்டையே மாத்துவியளா, கறையை மட்டும் துவைப்பியளா?"

டீச்சரம்மா சிரித்துவிட்டார். அண்ணாச்சி வெல்டிங் கம்பியை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக வண்டிக்கு அடியில் குனிந்தார்.