தொட்டில் கட்டாத வீடு

“என் பயத்தை எடுத்துடுங்க சிஸ்டர்” என்றார் சந்தியாகு.

“எடுத்து எங்க வைக்கிறது? இருக்கிறதே ஒரு அறை” என்றார் சிஸ்டர் எமிலி.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சிஸ்டர் மலையடிவார மேட்டில், சின்ன மாதா கோவிலை ஒட்டிய அறையில் தனியாக இருந்தார். மனசு குழம்பினால் ஊர்க்காரர்கள் அவரிடம் ஏறிப் போவார்கள். நேரான பதில் கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் போவார்கள். சந்தியாகுவைவிட அவர் வயதில் ரொம்பச் சின்னவர்.

சந்தியாகு கீழே கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், கிரில், ஜன்னல் கம்பி எல்லாம் பிழைப்புக்கு. பிழைப்பில் சேராத வேலை ஒன்றும் இருந்தது. ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், எந்தத் தெரு, எந்தச் சாமி என்று பார்க்காமல், கூப்பிடும் முன்பே போய்க் கூரையில் தொட்டில் கொக்கி மாட்டிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார்.

மாட்டியதும் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மடக்கித் தொங்கிப் பார்ப்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

“மாமா, அப்படியே இருங்க. ஒரு தாலாட்டுப் பாடிடுறோம்” என்பார்கள்.

ஒரு கொக்கியும் இதுவரை கழன்றதில்லை.

“என்ன பயம்?” என்றார் சிஸ்டர்.

“மக ஜெசிந்தா பிரசவத்துக்கு வந்திருக்கா. பேத்தி பிறந்திருக்கு. கொக்கி மாட்டினேன். தொங்கிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளையை அதுல போட மனசு விடமாட்டேங்குது. கழட்டி வேற இடத்துல மாட்டினேன். அங்கேருந்தும் கழட்டினேன்.”

“கூரை மிச்சம் இருக்கா?”

“சல்லடை மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு ஓட்டை போட்டா குளிக்கிறதுக்கு ஷவர் வேண்டாம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.”

சிஸ்டர் சிரித்தார். சந்தியாகு சிரிக்கவில்லை.

“என் வீட்டுக்காரி இருந்தா மாத்தி மாத்தி வெச்சுக்குவா. அவ போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. இப்ப நானும் மகளும்தான். கீழ போட்டா பிள்ளை அழுவுது. மடியில இருந்தாத்தான் தூங்குது. நேத்து ஜெசி உட்கார்ந்தபடியே தூங்கிட்டா. பிள்ளை மடியிலேருந்து உருண்டு பாயில கிடந்துச்சு. தலைக்குப் பக்கத்துல கட்டில் கால். இரும்புக் கட்டில். நான் செஞ்சது.”

காம்பு ஒடிக்கும் கை நின்றது.

“அப்பவும் தொட்டில் கட்டலையா?”

“கட்டலை. ஊருக்கெல்லாம் மாட்டினீங்களே, எனக்கு மட்டும் ஏம்ப்பா இப்படின்னு அழுவுறா.”

சந்தியாகு முறத்திலிருந்து ஒரு காம்பை எடுத்து ஒடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இன்னொண்ணும் அரிச்சுக்கிட்டே இருக்கு சிஸ்டர். இத்தனை வீட்டுல மாட்டினேன். ஒரு வீட்டுலயும் கை நடுங்கினதில்லை. அப்ப அந்தப் பிள்ளைங்க எனக்கு ஒண்ணுமே இல்லையா? சந்தியாகு ஊருக்காகவே இருக்கிறவன்னு சொல்றாங்களே, அது பொய்யா?”

சிஸ்டர் இப்போதுதான் நிமிர்ந்தார்.

“மாட்டி முடிச்சதும் என்ன செய்வீங்க?”

“காபி குடுத்தா குடிப்பேன். கிளம்பிடுவேன்.”

“பிள்ளையைத் தொட்டில்ல போடுறதை நின்னு பார்த்திருக்கீங்களா?”

யோசித்தார்.

“அவங்க நல்ல நாள் பார்த்துத்தான் போடுவாங்க. நான் அதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுட்டு வந்துடுவேன்.”

“ஒரு வீட்டுலகூட?”

“ஒரு வீட்டுலகூட இல்ல.”

சிஸ்டர் முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“எனக்கு ஒரு கொக்கி மாட்டிக் குடுங்க அண்ணே.”

“இங்க எந்தப் பிள்ளைக்கு?”

“மாட்டுங்க.”

அவர் பையில் கொக்கி இல்லாமல் இருக்காது. பெஞ்சின் மேல் ஏறி, உத்தரத்தில் துளை போட்டு, கொக்கியைச் செருகி, மறுபக்கம் நட்டை இறுக்கினார். வழக்கம்போலத் தொங்கிப் பார்த்தார்.

சிஸ்டர் கொடியிலிருந்து ஒரு பழைய நீலச் சேலையை எடுத்துவந்து தொட்டில் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தானே அதில் ஏறி உட்கார்ந்தார்.

“என்ன சிஸ்டர் இது.”

“ஏன், உங்க கொக்கி தாங்காதா?”

“தாங்கும். யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?”

“சிஸ்டருக்கு முத்திடுச்சும்பாங்க. கீழத்தெருவுல உடம்பு முடியாத ஒருத்தர்கூட ரெண்டு ராத்திரியா முழிச்சிருக்கேன். ஆட்டுங்க.”

காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார். சேலை மூடிக்கொண்டது.

சந்தியாகு ஆட்டினார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

அவர் மெதுவாக இரண்டடி பின்னால் வந்தார். வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்தார்.

நட்டைச் சரியாக இறுக்கினோமா என்று அண்ணாந்து பார்த்தார். இறுக்கித்தான் இருந்தது. முடிச்சைப் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை.

முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

ஒரு சமயம் குறட்டை நின்றது. காதைச் சேலையருகே கொண்டுபோய்க் கேட்டார். மூச்சு வந்தது. அதன் பிறகுதான் அவரும் மூச்சு விட்டார்.

வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே ஓர் ஆடும் வந்து முறத்துக் கீரையில் வாய் வைத்தது. “சூ, சூ” என்று உதட்டால் விரட்டினார். அது அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது.

கடைசியில் சேலையை விலக்கிக்கொண்டு சிஸ்டரின் தலை வெளியே வந்தது.

“கீரை எங்க?”

“ஆடு தின்னுடுச்சு.”

“பார்த்துக்கிட்டேயா இருந்தீங்க?”

“எழுந்திரிக்க முடியல. கை ரெண்டும்…”

நிறுத்தினார். குனிந்து பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளும் தொட்டிலுக்கு அடியில் விரிந்திருந்தன.

சிஸ்டரும் எட்டிப் பார்த்தார்.

“கொக்கி மேல சந்தேகமா?”

“இல்ல. அது யானையைத் தாங்கும்.”

“அப்புறம் எதுக்குக் கை?”

“தெரியல சிஸ்டர். அதுவாப் போயிடுச்சு.”

“நான் உங்க வீட்டுப் பிள்ளையா?”

சந்தியாகு கையை இன்னும் எடுக்காமல் இருந்தார்.

“பயமா இருந்துச்சா?”

“இருந்துச்சு. இப்பவும் இருக்கு. போகவே இல்ல.”

“நான் நல்லாத் தூங்கினேன் அண்ணே” என்றார் சிஸ்டர்.

சந்தியாகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. நொண்டிக்கொண்டே மலையடியை விட்டு இறங்கினார்.

வீட்டில் ஜெசிந்தா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். இமைகள் தாமாக மூடுவதும், அவள் திடுக்கிட்டுத் திறப்பதுமாக இருந்தன.

“சேலை ஒண்ணு குடும்மா. நல்லாத் துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆனதாப் பார்த்துக் குடு.”

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயந்தவளைப் போல எடுத்துவந்து கொடுத்தாள்.

அவர் கழற்றி வைத்திருந்த கொக்கியைத் திரும்ப மாட்டித் தொங்கிப் பார்த்தார்.

தொட்டில் கட்டினார். பிள்ளையை வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டு, உள்ளே கிடத்தினார். அது ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து கையை அடியில் நீட்டிக்கொண்டார்.

ஜெசிந்தா பாயில் சரிந்தாள். பாதித் தூக்கத்தில் கேட்டாள்.

“இப்ப பயமா இல்லையாப்பா?”

“இருக்கும்மா. நீ தூங்கு.”