உதைக்கும் துப்பாக்கி

கொக்கரப்பட்டி ஜமீன்தாரின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ரவையும் சுடும், குண்டும் சுடும். குறியை மட்டும் தொடாது. அவரைக் கேட்டால், குற்றமெல்லாம் தோட்டாவுக்கு மருந்து அடைக்கிற செவத்தையன்மேல்தான்.

"மருந்தை அள்ளிக் கொட்டுறே, துப்பாக்கி கழுதையாட்டம் உதைக்குது! இன்னிக்குக் கலெக்டர் துரை முன்னாலே உதைச்சுதுன்னா நீ ஊரைக் காலி பண்ணிக்கோ!"

"குறைச்சே போட்டிருக்கேன் எசமான்" என்று செவத்தையன் பணிவாகத் தோட்டாவை நீட்டினான்.

கலெக்டர் துரை பக்கத்தில் நின்று பார்க்க, ஜமீன்தார் தூரத்தில் குறிக்காக வைத்த பானையைக் குறிபார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார். 'டிக்' என்றதோடு சரி, வெடிக்கவில்லை. ஆனால் குழல் வானத்தைப் பார்த்தது, ஜமீன்தார் துரையின் காலடியில் மல்லாந்து விழுந்தார்.

"பாவி, இப்பவும் உதைக்குதே! எவ்வளவுடா போட்டே?"

"ஒரு சிட்டிகைகூடப் போடலே எசமான். இதுக்கும் கீழே எப்படிக் குறைக்கிறது?"