ஒச்சம்மாளின் ஈசிஜி

மூன்றாவது ஈசிஜி தாளிலும் கோடு முள்ளுமுள்ளாகத்தான் வந்தது. ஆசிரியை தாஹிரா அதை ஒரு பார்வை பார்த்தாள். கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

செண்பகவல்லிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் இதய டெக்னீஷியன் படிக்க வந்தவள் அவள். தாஹிராவோ அவளுக்குத் தங்கை வயது. அந்தத் தங்கை வயசுக்காரி சரி என்று தலையாட்டினால்தான் நாளைக்குச் செய்முறைத் தேர்வு.

"மேடம், நெஞ்சுல ஒட்டுற ரப்பர் பல்பெல்லாம் வைக்கிற இடத்துலதான் வச்சிருக்கேன். நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்க்கா. இடம் சரி."

"பிறகென்ன? இந்தம்மாதான் ஆடுது. எத்தனை தடவை சொல்றது, ஆடாம படுன்னு!"

கட்டிலில் கிடந்த நோயாளி ஒச்சம்மாள் வெடித்தாள்.

"நானா ஆடுறேன்? கதவைத் திறந்து போட்டுட்டு, சொல்லாம கொள்ளாம துணியை உருவுறா. ஐஸை அள்ளி நெஞ்சுல வைக்கிறா. இவ பிடிக்கிற பிடிக்கு உரலுகூட ஆடும்!"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது," என்றாள் செண்பகவல்லி.

தாஹிரா பல்புகளைக் கழற்றினாள். ஒச்சம்மாளின் சேலையைச் சரிசெய்து, கைத்தாங்கலாக வெளி பெஞ்சில் உட்காரவைத்தாள். திரும்பி வந்தபோது கதவைச் சாத்தவில்லை.

"படுங்கக்கா."

"நானா?"

"படுங்க."

செண்பகவல்லி வெடுக்கென்று படுத்தாள். மறுபேச்சில்லாமல் தாஹிரா அவள் மாராப்பை ஒதுக்கி, கொக்கிகளைக் கழற்றினாள். குளிர்ந்த ஜெல்லை அப்பினாள். ரப்பர் பல்புகள் ஒவ்வொன்றாக நெஞ்சைக் கவ்வின. வராந்தாவில் ஆம்பிளைக் குரல்கள்.

"மேடம், கதவு!"

"ஆடாம படுங்க."

"வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எத்தனை தடவை சொல்றது?"

செண்பகவல்லி பல்லைக் கடித்தாள். உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது. மெஷின் கிர்ரென்று ஓடி நின்றது. தாஹிரா தாளைக் கிழித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

முள்ளுமுள்ளாக இருந்தது.

செண்பகவல்லி மாராப்பை அள்ளிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கோபத்தில் கண் கலங்கிப்போனது.

"எனக்கு ஒரு நோயும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன். இது என் இதயமே இல்ல மேடம்!"

"இல்லதான்க்கா," என்றாள் தாஹிரா. "இது என் கை."