கோட்டைக்குத் தொப்பை விழுந்த கதை

படுத்துக்கோ, சித்தி ஒரு கதை சொல்றேன். இது நான் பார்த்ததில்ல. ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில் அக்கா சொன்னது. அவங்களுக்கு அவங்க பெரியம்மா சொன்னாங்களாம். பேரெல்லாம் சரியான்னு சித்திக்குத் தெரியாது.

ஒரு ஊர்ல, கடலை ஒட்டி ஒரு கோட்டை. கப்பல்ல வந்த துரை ஒருத்தர் கட்டினார். தடிச் சுவர், மூலைக்கு மூலை பீரங்கி. எல்லாம் முடிஞ்ச அப்புறம் தாகம் எடுத்துச்சு.

உள்ள தோண்டினாங்க. சளக்! உப்பு. தள்ளித் தோண்டினாங்க. சளக்! உப்பு. பாதிரியாரை வெச்சு ஜெபம் பண்ணித் தோண்டினாங்க. அவரே குடிச்சுப் பார்த்துட்டு, "உப்பு"ன்னார். ம் சொல்லு.

"ம்."

நல்ல தண்ணி சுவருக்கு வெளியே, கித்தேரியம்மா வீட்டுக் கிணத்துல இருந்துச்சு. "காலி பண்ணு"ன்னார் துரை. "தண்ணி எடுத்துக்கோங்க. வீட்டைத் தரமாட்டேன்"னா அவ. அப்போ துரை அந்தப் பக்கச் சுவரை இடிச்சு, கிணறு, வீடு, கித்தேரியம்மா எல்லாத்தையும் உள்ள வெச்சு வளைச்சுக் கட்டினார். கோட்டைக்குத் தொப்பை விழுந்துச்சு.

அப்புறம்தான் தொல்லை. பொழுது சாஞ்சா வாசலைப் பூட்டிடுவாங்க. அவ புருஷன் சந்தியாகு கடல்லேர்ந்து வர்றதே அதுக்கு மேலதான். தொம் தொம்னு தட்டுவார்.

"எதிரியா?"ம்பான் காவல்காரன்.

"பசிக்குதுய்யா."

"காலையில வா."

மனுஷன் மணல்லயே படுத்துப்பார்.

கித்தேரியம்மா துரைகிட்ட போனா. "என் வீட்டுப் பக்கம் ஒரு கதவு வைங்க."

"பின்கதவு வெச்சா அதுக்குப் பேரு கோட்டையா?"

"புருஷன் வர முடியலன்னா அதுக்குப் பேரு வீடா?"

துரை முடியாதுன்னுட்டார்.

அன்னிக்கு ராத்திரி சந்தியாகு வெளியிலேர்ந்து மீனைச் சுவருக்கு மேல வீசினார். பொத் பொத் பொத்! சாளை. காவல்காரங்க பொறுக்கி வறுத்துட்டாங்க. மறுநாள் பெரிய சீலா மீன். தொப்! எதிரி வந்துட்டான்னு மணி அடிச்சு, கடலைப் பார்த்து பீரங்கி போட்டாங்க. டமார்! கடல் ஒண்ணும் சொல்லல. அதுக்கு அடுத்த நாள் துரை முற்றத்துல சாப்பிட்டுட்டு இருந்தார். சொத்! தட்டு நிறைய திருக்கை. முள்ளு வால் அசையுது.

"இது யுத்தமா?"ன்னார் துரை.

"இல்லைங்க. அவர்தான் வர முடியல, மீனாச்சும் வீட்டுக்கு வரட்டும்னு..." அப்படின்னா கித்தேரியம்மா.

துரை வாலைப் பார்த்தார். கொத்தனைக் கூப்பிட்டார். தொப்பையில ஒரு கதவு வந்துச்சு. சந்தியாகு குனிஞ்சு உள்ள வந்து சோறு தின்னார்.

தூங்கிட்டியா?

"...ம்."

அவ்வளவுதான், கண்ணை மூடு. சித்தி அப்புறமா அங்க போய்ப் பார்த்தேன். அந்தக் கதவோட கல் நிலை இன்னும் இருக்கு. ரெண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட ஒரு குழிகூட இல்ல.