தேரை விழுந்த இளவரசன்

தேரைக்குப் பயந்து ஓர் அரண்மனையே நடுங்கிய காலம் முன்பு ஒன்று இருந்தது. அந்த நாட்டு ராஜாவின் ஒரே மகன், ஐந்து மாதக் குழந்தை, நாளுக்கு நாள் மெலிந்து விலா எலும்பு தெரியக் கிடந்தான். அரண்மனை வைத்தியர் திருமேனிப் பண்டிதர் நாடி பார்த்தார்.

"அரசே, இது தேரை நோய். செவிலி அயர்ந்த வேளையில் இளவரசர்மேல் தேரை விழுந்திருக்கிறது."

ராஜாவுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பால் கொடுத்து வந்த செவிலி செவ்வந்தியை, பொழுது சாயும்போது யானைக் காலால் இடறச் சொல்லிவிட்டார். சபையில் இருந்தவர்களில் விகடகவி வெண்காடனுக்குத்தான் வாய் நிற்கவில்லை.

"அரசே, கையளவு இல்லாத தேரை என்ன செய்துவிடும்?"

வெண்காடன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் பண்டிதருக்கு வயிறு எரியும். இன்று வாகாகக் கிடைத்தான். "வைத்திய சாஸ்திரத்தையே பழிக்கிறான், அரசே! விழுந்த தேரையை இவனே மாலைக்குள் பிடித்து வரட்டும். இல்லையேல் செவிலியோடு இவனும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வெண்காடன் தலைதெறிக்கச் சிறைக்கு ஓடினான். சிரிக்க வைப்பவனுக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது? சிறைக் கம்பியைப் பிடித்தபடி செவ்வந்தியிடம் கேட்டான், "தேரையைப் பார்த்தாயா, அம்மா?"

"தேரையும் இல்ல, ஒண்ணும் இல்ல சாமி. பிள்ளைக்கு லேசா இருமல் வந்துச்சு. அன்னையிலேருந்து இருவது நாளாப் பத்தியம்னு சொல்லி, ஒரு நாளைக்கு ஒரு சங்கு பாலு, மிச்சமெல்லாம் கஷாயம்னுட்டாரு பண்டிதரு. பிள்ள என் மாரைத் தேடித் தேடி அழுவுது. நான் சொன்னா யாரு கேப்பா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரரு தென்னை ஏறுறவரு. மரத்துக் கொண்டையில தேரை சும்மா உக்காந்திருக்குமாம். அந்தக் குலையில ஒரு காயி உள்ள ஒண்ணுமில்லாமப் போனா, தேரை விழுந்த காயிங்கிறாங்க. அப்புறம் மெலிஞ்ச பிள்ளைக்கும் அதே பேரை வச்சுட்டாங்க. பாவம், அது உக்காந்தது ஒரு குத்தமா?"

பொழுது சாய்ந்தது. வாசலில் யானையின் சங்கிலி குலுங்கியது. வெண்காடன் பெரிய பானையோடு சபைக்குள் வந்தான்.

"அரசே, நந்தவனத்துத் தேரைகள் அத்தனையும் இதில் இருக்கின்றன. குற்றவாளி எது என்று அவை சொல்லமாட்டா. ஒவ்வொன்றாகப் பண்டிதர்மேல் விடுவோம். எது விழுந்து அவர் மெலிகிறாரோ, அதுவே குற்றவாளி."

பண்டிதரின் தொந்தியைப் பார்த்த ராஜா தலையசைத்தார். முதல் தேரை மடியில் தொப்பென்று விழுந்தது. பண்டிதர் அசையவில்லை.

"விழுந்துவிட்டது! இனித் தாமதிக்கலாகாது" என்றான் வெண்காடன். "இளவரசருக்கு விதித்த பத்தியத்தையே இவருக்கும் விதியுங்கள். நாளுக்கு ஒரு சங்கு பால், மீதியெல்லாம் கஷாயம். இருபது நாள்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "வேண்டாம், அரசே! ஒரு தேரை என்ன செய்துவிடும்? அந்தப் பத்தியம் இருந்தால் நான் எலும்பும் தோலுமாகிவிடுவேன்!"

சொன்னது என்னவென்று பண்டிதருக்கே அப்போதுதான் உறைத்தது. ராஜாவின் முகம் வெளுத்துப் போயிற்று. "என் பிள்ளை பசியிலா அழுதான்?" என்றார்.

செவ்வந்தியை ஓடி அழைத்து வந்தார்கள். திரைக்குப் பின்னால் அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அழுகை நின்றது. எல்லோரும் பயந்துகொண்டே காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு சின்ன ஏப்பம் கேட்டது. ராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

பண்டிதரைக் காவலர் கொண்டுபோனார்கள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போடக் குனிந்தார். பானையிலிருந்து ஒரு தேரை எம்பி, நேரே அவர் தோள்மேல் உட்கார்ந்தது. சபையே மறுபடி வெலவெலத்தது. ராஜா அதைத் தட்டிவிடாமல் தம் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

"வெண்காடா, மெலிந்திருக்கிறேனா?"

"இன்னும் சாப்பாட்டு வேளை ஆகவில்லையே, அரசே! இலை போடத் தாமதமானால் சொல்கிறேன்."

இருபது நாளாகச் சிரிக்காத ராஜா, தோளில் தேரையோடு, விழுந்து விழுந்து சிரித்தார்.